கலங்கிய வீட்டு நீச்சல் குளத்தைத் தெளியவைத்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு தோட்ட வீட்டில் இருக்கும் நீச்சல் குளத்தைப் பற்றியது இந்த ஆய்வு. குளத்தின் நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர். ஆழம் ஒரு முனையில் 1 மீட்டரில் தொடங்கி மறுமுனையில் 1.5 மீட்டர் வரை செல்கிறது. சராசரி ஆழத்தை வைத்துக் கணக்கிட்டால் அதில் 40,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதால், இந்தக் குளத்தில் எந்த மருந்தையும் ஒரு பிபிஎம் உயர்த்த 40 கிராம் தேவை. பின்னர் வரும் கணக்குகள் எல்லாம் இந்த 40 கிராமிலிருந்து பிறப்பவை. நீச்சல் குளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் குளத்தின் கொள்ளளவை மோட்டார் அறைச் சுவரில் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நேரத்தில் நான் பார்த்தபோது, ஆழம் குறைந்த முனையில் இறங்கும் படிகளில் முதல் படி மட்டுமே தெரிந்தது. இரண்டாவது படி மங்கலாக இருந்தது, மூன்றாவது தெரியவே இல்லை. தண்ணீர் வெளுத்து, ஓரங்களில் லேசான பச்சை ஏறியிருந்தது. ஆழமான முனையில் அடித்தளத்தில் இருக்க வேண்டிய வடிகால் மூடி எங்கே என்று ஊகிக்கத்தான் முடிந்தது. குளத்தைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர் சொன்னது இதுதான்: "மருந்து போட்டா ரெண்டு நாளைக்குத் தெளிஞ்ச மாதிரி இருக்கும் சார். அப்புறம் மறுபடியும் வெளுத்துடும். நானும் போடாத மருந்தில்ல." அவர் சொன்னது உண்மை. வாரந்தோறும் ப்ளீச்சிங் பவுடர், மிதக்கும் டப்பாவில் குளோரின் மாத்திரைகள், பாசிக்கு மயில்துத்தம், தெளிவுக்குப் படிகாரம், அதுவும் பலிக்காதபோது கடையில் கொடுத்த தெளிநீர்த் திரவம் என எல்லாமே அந்தத் தண்ணீருக்குள் போயிருந்தன. எது எவ்வளவு போனது என்பதற்குத்தான் எந்தக் குறிப்பும் இல்லை.

இந்த நிகழ்வின் மையமே இதுதான். அங்கே மருந்துக்கும் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. அளந்து பார்க்கும் வேலை மட்டும் நடக்கவில்லை.

முதல் வேலை: குளத்தை மூடுதல்

பொங்கல் விடுமுறைக்குப் பிள்ளைகள் வருவதற்குள் குளம் தயாராக வேண்டும் என்று வீட்டார் விரும்பினார்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் குளோரின் இருக்கிறதே, மேலாக விளையாடினால் என்ன என்ற கேள்வியும் வந்தது. அதற்கு நான் சொன்ன பதிலை இங்கும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கலங்கிய குளத்தின் முதல் ஆபத்து கிருமி அல்ல. தண்ணீருக்கு அடியில் கிடப்பவர் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான். மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கை கால்களை அடித்துக்கொள்வதுமில்லை. ஓசையில்லாமல் கீழே போய்விடுகிறது. 2011 ஜூன் மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்ற ஊரின் பொது நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்த ஒரு பெண்ணின் உடல், தண்ணீர் கலங்கலாக இருந்ததால் இரண்டு நாள் எவர் கண்ணிலும் படவில்லை. அந்த நாள்களில் குளம் திறந்தே இருந்தது, மக்கள் அதில் நீந்திக்கொண்டிருந்தார்கள். பணியாளர்களும் உயிர்காப்பாளர்களும் இருந்த பொதுக் குளத்திலேயே இப்படி நடக்கும் என்றால், ஒரு பாட்டியின் கண்காணிப்பில் நான்கு பிள்ளைகள் இறங்கும் வீட்டுக் குளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, கரையில் நின்று பார்க்கும்போது ஆழமான இடத்து வடிகால் மூடியின் துளைகள் தனித்தனியாகத் தெரியும்வரை எவரும் இறங்கக் கூடாது என்று முடிவு செய்து, வேலிக் கதவுக்குப் பூட்டுப் போடப்பட்டது.

அளவீடுகள் சொன்ன செய்தி

பணியாளரிடம் இருந்தது நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும், மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடொலிடின் சோதனைப் பெட்டி. அதில் நல்ல மஞ்சள் வந்ததால் குளோரின் போதும் என்று அவர் நம்பியிருந்தார். அந்தச் சோதனை தண்ணீரில் உள்ள மொத்தக் குளோரினையே காட்டுகிறது. கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் தனிக் குளோரினையும், வியர்வை, சிறுநீர் போன்றவற்றின் நைட்ரஜனோடு சேர்ந்து வலுவிழந்துபோன சேர்மக் குளோரினையும் அது பிரித்துக் காட்டுவதில்லை. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. சோதனையில் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். அதில் தனிக் குளோரின் 1 பிபிஎம், சேர்மக் குளோரின் 1.5 பிபிஎம் என்று வந்தது. பயன்படும் குளோரினைவிடப் பயன்படாத குளோரின் அதிகமாக இருந்தது. "குளோரின் வாடை" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தச் சேர்மக் குளோரினின் வாடையே. குளத்தில் நெடி அடித்தால் குளோரின் மிகுந்துவிட்டது என்று நினைத்து மருந்தை நிறுத்துபவர்கள் பலர் உண்டு. உண்மையில் அந்த நெடி குளோரின் போதவில்லை என்பதற்கான அறிகுறி.

தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் 8.2. மொத்தக் காரத்தன்மை 260 பிபிஎம். கால்சியக் கடினத்தன்மை 850 பிபிஎம். இம்மூன்றும் சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்த நிலையிலேயே நிற்க முடியாமல் நுண்ணிய வெண்துகளாகப் பிரியத் தொடங்கும். மற்றப் பெரும்பாலான உப்புகளுக்கு மாறாக, கால்சியம் கார்பனேட் வெந்நீரில் குறைவாகவே கரையும். ஆண்டின் பெரும்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும் நம் கடற்கரைக் குளங்களில் இது இன்னும் எளிதாக நடக்கிறது. வீட்டுப் போர் தண்ணீரைச் சோதித்தபோது அதன் கடினத்தன்மையே 680 இருந்தது. ஆவியாகிற தண்ணீரை ஈடுகட்ட அன்றாடம் குளத்தில் விடப்பட்டது இந்தப் போர் தண்ணீர்தான். நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானால் இக்குளத்தில் 160 லிட்டர் குறையும். மாதத்துக்கு 4,800 லிட்டர். போவது வெறும் நீராவி, வருவது கால்சியம் கரைந்த நீர். மழையோ வடிப்போ இல்லாத மாதத்தில் இந்த ஒரு வழியில் மட்டும் கடினத்தன்மை 80 பிபிஎம் அளவுக்கு ஏறிவிடும்.

இதன்மேல் ப்ளீச்சிங் பவுடர். நல்ல ப்ளீச்சிங் பவுடரில் பயன்படக்கூடிய குளோரின் 30 முதல் 35 விழுக்காடுதான், மிச்சத்தில் பெரும்பகுதி சுண்ணாம்பு. பணியாளர் அதைக் கரைக்கும் முறையைச் செய்து காட்டச் சொன்னேன். ஒரு பக்கெட் தண்ணீரில் கொட்டி, கம்பால் கலக்கி, கலங்கிய நிலையிலேயே குளத்தின் நான்கு மூலையிலும் ஊற்றினார். பக்கெட்டின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைச் சேறு ஒட்டியிருந்தது. அதையும் தண்ணீர் விட்டு அலசிக் குளத்துக்குள்ளேயே விடுவதுதான் வழக்கம். கரைத்ததை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்து எடுத்திருந்தால், வாரந்தோறும் விழுந்த அந்தச் சேறு குளத்துக்குள் போயிருக்காது. அப்போதும் கரைந்த கால்சியம் போகத்தான் செய்யும் என்பதால், கடின நீர் உள்ள குளத்துக்கு ப்ளீச்சிங் பவுடர் பொருந்தாது என்பதே என் முடிவு.

ஆனால் சுண்ணாம்பு மட்டுமே காரணமா? இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் குளத்து நீரை எடுத்து, ஒன்றை அப்படியே வைத்து, மற்றதில் சில சொட்டு ஆசிட் விட வேண்டும். கலங்கல் சுண்ணாம்பால் வந்தது என்றால் அமிலம் விட்டதும் தெளியும். பாசியாலோ மண்ணாலோ வந்தது என்றால் அப்படியே நிற்கும். இங்கே ஆசிட் விட்ட தம்ளர் பாதி தெளிந்தது. வெண்மை போய்விட்டது, அதன் அடியில் மறைந்திருந்த மங்கிய பச்சை நின்றுவிட்டது. ஒரு கலங்கலுக்குள் இரண்டு கலங்கல் இருந்தன. இதனால்தான் எந்த மருந்தும் இரண்டு நாளைக்கு மேல் பலிக்கவில்லை.

பச்சைக்கு விளக்கம் சயனூரிக் அமில அளவில் கிடைத்தது. வெயிலில் குளோரின் விரைவில் சிதைந்துபோகும்; அதைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்படுவது சயனூரிக் அமிலம். கடைகளில் விற்கும் குளோரின் மாத்திரையில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. 200 கிராம் மாத்திரை ஒன்று கரையும்போது ஏறத்தாழ 110 கிராம் சயனூரிக் அமிலம் தண்ணீரில் தங்கிவிடும். குளோரின் செலவாகும், இது செலவாகாது, ஆவியாகாது. வாரம் இரண்டு மாத்திரை என்றால் இக்குளத்தில் வாரத்துக்கு 5.5 பிபிஎம், அரை ஆண்டில் ஏறத்தாழ 140. கருப்புப் புள்ளி மறையும்வரை நீரை ஊற்றிப் பார்க்கும் சோதனைக் குழாயின் அளவுகோல் 100இல் முடிந்துவிட்டதால், குளத்து நீரில் பாதிக்குப் பாதி குடிநீர் கலந்து சோதித்தேன், 70 காட்டியது. அதாவது 140. கணக்கும் சோதனையும் ஒத்துப்போயின.

30 முதல் 50 வரை இருக்கும்போது சயனூரிக் அமிலம் நன்மை செய்கிறது. 140 இருக்கும்போது குளோரினின் மிகப் பெரும்பகுதியை அது தன்னோடு பிணைத்து வைத்துக்கொள்கிறது. ஊர் முழுக்கக் கடனாகக் கொடுத்துவிட்ட பணம் போல, கணக்கில் இருக்கிறது, அவசரத்துக்குக் கையில் இல்லை. பி.எச்.சும் இதே திசையில் கெடுக்கிறது: பி.எச். 7.5இல் தனிக் குளோரினில் ஏறத்தாழ பாதி வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8க்கு மேல் போனால் அது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே சோதனையில் தெரிந்த அந்த 1 பிபிஎம் பெயரளவில் மட்டுமே குளோரின். நம் வெயிலில் பாசி வளர அதைவிட நல்ல சூழல் வேண்டியதில்லை.

மணல் வடிகட்டியைத் திறந்தபோது

தண்ணீரைத் தெளியவைப்பது வடிகட்டியின் வேலை; குளோரின் கொல்லும், வெளியேற்றாது. இந்த வேறுபாடு தெளிவாகாத வீடுகளில்தான் மருந்துச் செலவு மிகுகிறது. இங்கே அழுத்தமானி 0.5 பாரில் நின்றது. பேக்வாஷ் செய்தபின்னும், அதாவது மணலில் தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவியபின்னும், அதே 0.5. இவ்வளவு கலங்கிய நீரை நாள்தோறும் வடிக்கும் மணல் அடைபட்டு, அழுத்தம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மானி பழுதாகியிருக்கிறது அல்லது தண்ணீர் மணலுக்குள் புகாமல் வேறு வழியில் போகிறது. மானியை மாற்றிப் பார்த்தும் அளவு மாறாததால் தொட்டியைத் திறந்தோம்.

மணலின் மேல்பரப்பு சுண்ணாம்பு படிந்து ஓடு போல இறுகியிருந்தது. விரலால் அழுத்தினால் உடையவில்லை. கரண்டியால் குத்த வேண்டியிருந்தது. ஓரத்தில் இரண்டு இடங்களில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துளைகள் கீழ்நோக்கிப் போயின. தண்ணீர் அவ்வழியாக இறங்கி, வடிகட்டப்படாமலே குளத்துக்குத் திரும்பியிருக்கிறது. உள்ளே படிகாரக் கசடும் மண்ணும் சேர்ந்து உருண்டைகளாகக் கிடந்தன. படிகாரம் திரட்டிய கசடை நேராகக் கழிவுக் குழாய்க்கு உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். அது மணல் வழியாக விடப்பட்டிருந்தது. தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வையும் கழற்றினோம். உள்ளே ஆரங்களாக விரியும் ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடிந்திருந்ததால், வடிகட்டும் நிலையிலேயே கொஞ்சம் தண்ணீர் கழிவுக் குழாயில் கசிந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பினால் இந்த வளையம் இப்படித்தான் சேதமாகும். நிலை மாற்றும் ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்துவது கட்டாயம்.

மணல் முழுவதும் அள்ளி வெளியேற்றப்பட்டது. அடியில் இருக்கும் கிளைக்குழாய்கள் உடையாமல் இருக்கத் தொட்டியில் பாதி அளவு தண்ணீர் நிரப்பி, அதன்மேல் கூழாங்கல்லும் பிறகு வடிகட்டிக்கென்றே சலித்து விற்கப்படும் 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் மணலும் போடப்பட்டன. ஆற்று மணலையோ எம்-சாண்டையோ போடுவது சிக்கனமாகத் தோன்றலாம். சீரற்ற அளவும் தூசியும் உள்ள அந்த மணல் குளத்தை மேலும் கலக்கும்.

இன்னொரு குறை மோட்டார் ஓடும் நேரத்தில் இருந்தது. மின்கட்டணத்தை எண்ணி நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டினார்கள். மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் தள்ளுகிறது. குளத்து நீர் முழுவதற்கும் ஈடான அளவு ஒருமுறை சுற்றிவர 4 மணி நேரம் ஆகும். ஒருமுறை சுற்றினால் எல்லா நீரும் வடிபட்டுவிடும் என்று நினைக்கக் கூடாது. வடிபட்ட நீர் வடிபடாத நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் 63 விழுக்காடு நீரே வடிகட்டி வழியாகப் போகிறது. இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95, நான்கில் 98. இரண்டு மணி நேர ஓட்டம் அரைச் சுற்றுதான். வடிகட்டி நல்ல நிலையில் இருந்திருந்தாலும் பத்தில் ஆறு பங்கு நீர் அன்றைக்கு அதைத் தொட்டிருக்காது.

தண்ணீரை மாற்றுதலும் நிலத்தடி நீரின் அச்சுறுத்தலும்

சயனூரிக் அமிலத்தைக் குறைக்கச் செலவு குறைந்த, நம்பத்தகுந்த வழி தண்ணீரை மாற்றுவதுதான். குளத்தை முழுவதும் காலி செய்து கழுவிவிட்டால் ஒரே நாளில் முடியுமே என்று வீட்டார் கேட்டார்கள். கடற்கரையோர மணல் நிலத்தில், அதுவும் மழைக்காலம் முடிந்த கையோடு, இதை எக்காரணத்தைக் கொண்டும் செய்யக் கூடாது. தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்திலேயே நின்றது. அதாவது குளத்தின் அடித்தளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. உள்ளே இருக்கும் நீரின் எடைதான் கான்கிரீட் தொட்டியைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வெளியிலிருந்து மேல்நோக்கித் தள்ளும் நீர் தொட்டியை விரிசலிடவோ முழுமையாகத் தூக்கிவிடவோ கூடும்.

எனவே ஒருமுறைக்கு 12,000 லிட்டர், அதாவது நீர்மட்டத்தில் 37 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், வெளியேற்றி, ஒரு டேங்கர் லாரி நீரை நிரப்பி, நன்றாகச் சுழலவிட்டு, மறுபடியும் அதே அளவு வெளியேற்றினோம். ஒவ்வொரு முறையும் 30 விழுக்காடு குறைவதால் 140 என்பது 98 ஆகி, 69 ஆகி, மூன்றாவது லாரிக்குப்பின் 48 ஆயிற்று. ஒரேயடியாகப் பாதிக்குமேல் இறைத்திருந்தால் இரண்டு லாரிக்குச் சற்று மேலான நீரே போதுமாயிருக்கும். கூடுதலாக ஆன லாரிக் காசு, தொட்டியைக் காப்பாற்றக் கொடுத்த விலை. லாரி நீரையும் இறக்குவதற்குமுன் சோதித்தோம். கடினத்தன்மை 220 இருந்தது. மூன்று மாற்றத்துக்குப்பின் குளத்தின் கடினத்தன்மை 430 அளவுக்கும் காரத்தன்மை 190 அளவுக்கும் இறங்கின. வெளியேற்றிய நீரில் குளோரின் இல்லாமல் போனதை உறுதிசெய்த பிறகே தோட்டத்துக் குழிகளில் மெல்ல விடப்பட்டது. மயில்துத்தம் கலந்த நீர் மீன்களுக்கு நஞ்சு என்பதால் அருகிலிருந்த குட்டைப் பக்கம் அதைத் திருப்பவில்லை.

அமிலமும் குளோரினும்

பி.எச்.சை முதலில் சரிசெய்து, அதன் பிறகே குளோரினை உயர்த்த வேண்டும். இந்த வரிசைக்கு இரண்டு காரணங்கள். பி.எச். இறங்கினால் குளோரினின் வீரியம் கூடும். மேலும், குளோரின் மிக அதிகமாக இருக்கும்போது பி.எச். சோதனையின் சிவப்பு மருந்து தவறான நிறம் காட்டும். ஏறத்தாழ 32 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டர், இக்குளத்தின் காரத்தன்மையை 12 பிபிஎம் அளவுக்குக் குறைக்கும். மோட்டார் ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் குழாய்க்கு அருகில், ஒருமுறைக்கு ஒரு லிட்டர் என்று ஊற்றி, சுழலவிட்டு, மறுபடி அளந்து, பி.எச்.சை 7.3க்குக் கொண்டுவந்தோம். தம்ளரில் கண்டது குளத்திலும் நடந்தது: வெண்மை விலகி, கீழே பச்சை தெளிவாகத் தெரிந்தது. பார்க்கிறவர்களுக்குக் குளம் முன்னைவிடக் கெட்டுவிட்டது போலத் தோன்றும் கட்டம் இது. வீட்டாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தது நல்லதாயிற்று.

சூரியன் மறைந்தபின் ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவக் குளோரின், ஊற்றப்பட்டது. சயனூரிக் அமிலம் 48 இருக்கும் நீரில் பாசியை வேரறுக்கக் குளோரின் 20 பிபிஎம் வரை ஏற வேண்டும். 20 பிபிஎம் என்றால் 800 கிராம். 10 விழுக்காட்டு ஹைப்போவில் 8 லிட்டர். ஆனால் வெயிலில் கிடந்த கேனில் எழுதியிருக்கும் 10 விழுக்காடு உள்ளே இருப்பதில்லை. ஊற்றிச் சிறிது நேரம் சுழலவிட்டு அளந்தபோது 13தான் காட்டியது. குறைந்ததை மறுபடி ஊற்றி நிரப்பினோம். சுவர், படி மூலை, ஏணிக்குப் பின்புறம், விளக்குக் கூட்டின் உட்பக்கம் எல்லாம் தூரிகையால் தேய்க்கப்பட்டன. பாசி தன்மேல் போர்த்திக்கொள்ளும் வழவழப்பான படலத்தைத் தேய்த்து உடைக்காவிட்டால் குளோரின் உள்ளே போகாது.

இங்கே ஓர் ஆபத்தைக் குறித்தே ஆக வேண்டும். மோட்டார் அறையில் ஒரே அலமாரியில், ஒரே அளவுக் குவளையோடு, குளோரின் மாத்திரைகளும் ப்ளீச்சிங் பவுடரும் திறந்த நிலையில் இருந்தன. கீழே ஆசிட் கேன். இவ்விரு குளோரின் வகைகளும் ஈரத்தோடு ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடும். ஹைப்போவோடு ஆசிட் கலந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு பிறக்கும். மாத்திரையும் பவுடரும் அன்றே பிரிக்கப்பட்டு, ஆசிட் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குவளை, கையுறை, கண்ணாடி. மருந்தைத் தண்ணீரில் சேர்ப்பதே தவிர மருந்தின்மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை என்ற விதி. தண்ணீரைத் தூய்மையாக்கும் பொருள்களால் வீட்டில் ஒருவர் மருத்துவமனைக்குப் போவதைவிடக் கொடுமை வேறில்லை.

ஏற்கெனவே தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பாராமல் புதிதாக ஒன்றை ஊற்றுவதன் விளைவை உலகமே பார்த்தது 2016இல். ரியோ ஒலிம்பிக்கில் உயரத்திலிருந்து நீரில் பாயும் டைவிங் போட்டிக் குளம் பச்சையாக மாறியது; குளோரின் இருந்த நீரில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றப்பட்டதே காரணம் என்று அமைப்பாளர்கள் பின்னர் அறிவித்தார்கள். இரண்டும் தனித்தனியே கிருமிநாசினிகள்தாம். சேர்ந்தபோது ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பாசிக்கு வழிவிட்டன.

காத்திருத்தல்

குளோரினை 20இல் நிறுத்தி வைத்து, மோட்டாரை இரவு பகலாக ஓட்டியதில் பச்சை முதலில் போனது. பிறகு தண்ணீர் சாம்பல் கலந்த நீலமாகி அப்படியே நின்றது. செத்த பாசியின் நுண்துகள்கள் இவை. மணல் வடிகட்டி பொதுவாக 20 முதல் 40 மைக்ரான் வரையிலான துகள்களையே பிடிக்கும். அதைவிடச் சிறியவை திரும்பத் திரும்பச் சுற்றி, ஒன்றோடொன்று ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிக்கும். பெரும்பாலானவர்கள் பொறுமை இழந்து புது மருந்து தேடுவது இந்தக் கட்டத்தில்தான். படிகாரம் போடலாமா என்று பணியாளர் கேட்டார். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளியவைத்த மரபு நமக்கு உண்டு. படிகாரமும் அதே வேலையைச் செய்வதுதான். பி.எச். சரியான நிலையில், மோட்டாரை நிறுத்தி, கசடை அடியில் படியவிட்டு, கழிவுக்கு உறிஞ்சி எடுத்தால் அது பலன் தரும். ஆனால் அப்படி எடுக்கும்போது சில ஆயிரம் லிட்டர் நீரும் கசடோடு போகும். வடிகட்டி ஒழுங்காக இயங்கும்போது அந்த இழப்புக்குத் தேவையில்லை என்று காத்திருந்தோம். அழுத்தமானி இப்போது 0.5இலிருந்து 1.1 பார் வரை ஏறியது. பேக்வாஷ் செய்ததும் இறங்கியது. வடிகட்டி கசடைப் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

திறப்பதற்கான அளவுகோல்

வடிகால் மூடியின் துளைகளை ஒரு காலை நேரத்தில் கரையிலிருந்தே எண்ண முடிந்தது. அப்போதும் குளம் திறக்கப்படவில்லை, ஏனெனில் தெளிவு வேறு, தூய்மை வேறு. இரவு மோட்டார் ஓடும்போது குளோரினை அளந்து, விடியுமுன் மறுபடி அளந்தோம். இரவில் வெயில் இல்லாததால், குளோரின் குறைந்தால் அதைத் தின்பது தண்ணீரில் இன்னும் உயிரோடிருக்கும் பாசியோ கரிமக் கழிவோதான். முதல் இரவு 4 பிபிஎம் குறைந்தது. அது 1 பிபிஎம்முக்குக் கீழே வரும்வரை அளவைப் பிடித்து வைத்திருந்தோம். சேர்மக் குளோரின் 0.4க்குக் கீழே இறங்கியது. பின் குளோரினைத் தானாகவே 5க்கு இறங்கவிட்டு, பி.எச். 7.5 என்று உறுதியானபின் பூட்டைத் திறந்தோம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 1 பிபிஎம் குளோரினும் 7.5 பி.எச்.சும் உள்ள, சயனூரிக் அமிலம் கலவாத நீரில், வயிற்றுப்போக்கு தரும் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் அழிகிறது; அதே நோயைத் தரும் ஒட்டுண்ணிகளில் ஜியார்டியா முக்கால் மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது; கிரிப்டோஸ்போரிடியம் ஒரு வாரத்துக்குமேல் உயிரோடிருக்கிறது. ஆகவே வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குளத்தில் இறக்கக் கூடாது என்ற விதிக்கு எந்த மருந்தும் மாற்று அல்ல. 2024இல் கேரளத்தில் பிள்ளைகளின் உயிரைப் பறித்த மூளையைத் தாக்கும் அமீபா, வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்ந்து மூக்கு வழியாக உடலுக்குள் புகுகிறது. குளோரின் இடைவிடாமல் சரியான அளவில் இருக்கும் குளத்தில் அது பிழைப்பதில்லை. குளோரின் பெயரளவில் இருந்த பழைய நிலையில் இக்குளம் அப்படிப்பட்ட குளம் அல்ல.

தண்ணீர் தெளிந்த பிறகே கண்ணில் பட்ட இன்னொரு குறையும் இருந்தது. வடிகால் மூடியின் ஒரு மூலை உடைந்து, திருகு ஒன்று காணாமல் போயிருந்தது. மோட்டாரின் உறிஞ்சும் விசையில் தலைமுடியோ கையோ சிக்கினால் பெரியவர்களாலும் இழுத்து விடுவிக்க முடியாது. இப்படி நேர்ந்த இறப்புகளின் காரணமாகவே அமெரிக்கா 2007இல் வடிகால் மூடிகளுக்கென்று தனிச்சட்டம் இயற்றியது. குவிந்த வடிவுள்ள புதிய மூடி பொருத்தி, மோட்டாரை உடனே நிறுத்தும் சுவிட்ச் குளத்தருகே அமைக்கப்பட்ட பின்னரே பிள்ளைகள் இறங்கினார்கள்.

இப்போதைய நடைமுறை

மோட்டார் நாளுக்கு 8 மணி நேரம் ஓடுகிறது. அன்றாடக் குளோரின் ஹைப்போவாகவே போகிறது; வீட்டார் வெளியூர் போகும் நாள்களுக்கு மட்டும் மாத்திரை. சயனூரிக் அமில அளவில் ஏறத்தாழ 7.5 விழுக்காடு தனிக் குளோரின் இருக்க வேண்டும் என்பது வீட்டுக் குளங்களைப் பராமரிப்பவர்களிடையே வழங்கும் கணக்கு. 48க்கு அது 3.6 ஆகிறது, பணியாளர் 4இல் நிறுத்துகிறார். காலையில் குளோரின், பி.எச்.; வாரம் ஒருமுறை காரத்தன்மை; மாதம் ஒருமுறை கடினத்தன்மை, சயனூரிக் அமிலம். எல்லாம் ஒரு நோட்டில், ஊற்றிய மருந்தின் அளவோடு, அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன. எண்ணைப் பார்த்து மருந்தை முடிவு செய்வதில் அவர் இப்போது காட்டும் அக்கறை எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

முழுவதும் தீராதது கால்சியம் ஒன்றுதான். போர் தண்ணீரால் நிரப்பும்வரை அது மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு இந்த வீட்டிலும் உண்டு. மழைநீரில் கடினத்தன்மை அநேகமாக இல்லை. மாடியின் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்து வருவதை வடித்து ஒரு தொட்டியில் சேர்த்து, அதிலிருந்து குளத்துக்கு ஈடுசெய்யக் குழாய் அமைக்கும் வேலை நடக்கிறது. தொட்டியின் கொள்ளளவு 10,000 லிட்டர். அரை சென்டிமீட்டர் ஆவியாதல் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குப் போதும். கோடையின் மிச்ச மாதங்களுக்கு ஒரு லாரி நீர் தேவைப்படும். கடினத்தன்மை 600ஐத் தொட்டால் 12,000 லிட்டரை மாற்றுவது என்றும், அதைக் கிணற்றின் நீர்மட்டம் குளத்து அடித்தளத்துக்குக் கீழே இறங்கிவிடும் மே மாதத்தில் செய்வது என்றும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.